குடைப்பாம்பும் பலா நிழலும்

கடுக்காய்முக்கு மலைக்கிராமத்தில் சத்துணவு சமைக்கிற வேலுத்தாய், ஆடி மாதத்து ஒரு புதன்கிழமை மதியம் மூன்றேகால் மணிக்கு, பள்ளிக்கூடத்து அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீடு திரும்பி, முகம்கூடக் கழுவாமல் நேராகப் பின்பக்கத் தோட்டத்துக்குப் போய், பலாமரத்து நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தன் குடைப்பாம்புச் செடிகளை ஒவ்வொன்றாக எண்ணி, இலையைத் திருப்பிப் புழு இருக்கிறதா என்று பார்த்து, மூன்றாவது செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருக்கும்போதுதான் தலைக்கு மேலே மரம் இல்லை என்பதைக் கவனித்தாள்.

நிழல் இருந்தது. தினமும் அந்த நேரத்துக்கு எந்தக் கல் வரை வந்து கிடக்குமோ அந்தக் கல் வரை வந்து கிடந்தது. காற்று அடித்தபோது அதற்குள் இலைகள் அசைந்தன, இலைகளுக்கு நடுவே வெயில் சில்லுகள் ஓடிப் பிடித்து விளையாடின, தரையில் பழைய ஈரம் இருந்தது, கையை நிழலுக்கு வெளியே நீட்டினால் சுட்டது, உள்ளே இழுத்தால் குளிர்ந்தது. மேலே மட்டும் வெறும் வானம். மரம் நின்ற இடத்தில் இரண்டு பேர் உட்காரும் அகலத்துக்கு ஓர் அடிக்கட்டை மஞ்சளாகத் தெரிந்தது, அதில் பால் வடிந்துகொண்டிருந்தது. சுற்றிலும் மரத்தூள். வேலியைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அதற்கு அப்பால் சேற்றில் லாரிச் சக்கரத் தடம்.

வேலுத்தாய் நிழலைப் பற்றி ஆச்சரியப்படவில்லை. அதற்கு அவளுக்கு அப்போது நேரமில்லை. மண் ஒட்டிய கையோடு வீட்டுக்குள் போனாள்.

அவள் புருஷன் சன்னாசி அடுப்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். தனுஷ்கோடி முதலாளியின் காப்பி எஸ்டேட்டில் அவன் களத்து மேஸ்திரி. பறித்துவந்த காப்பிப் பழத்தைக் காயப்போடுகிற சிமென்ட் களமும், அதில் காலால் கிண்டிவிடுகிற பன்னிரண்டு பெண்களும் அவன் பொறுப்பு. அந்த நேரத்தில் அவன் வீட்டில் இருப்பதே வழக்கமில்லை.

"மரம் எங்க?"

"சர்வேயர் வந்து சங்கிலி போட்டு அளந்தாரு. பாதி அடிமரம் எஸ்டேட்டு நம்பர்ல வருதாம்."

"பாதிதான வருது. முழு மரத்தையும் எதுக்கு வெட்டுனாங்க?"

"பாதி மரத்த எப்படி வெட்டுறது, வேலு."

"நீங்க கையெழுத்துப் போட்டீங்களா?"

சன்னாசி டம்ளருக்குள் பார்த்தான். "முதலாளி பொண்ணுக்குக் கல்யாணம். புது வீட்டுக்கு நிலைக்கதவு பழைய பலாவுலதான் வேணும்னாரு. அவரே வாயத் தெறந்து கேக்கும்போது எப்படி மாட்டேங்கிறது?"

"நான் பள்ளிக்கூடத்துல இருக்குற நேரமாப் பாத்துக் கேட்டாராக்கும்."

"நிழலு போகல பாத்தியா," என்றான் சன்னாசி, அதில் தனக்கும் ஏதோ பங்கு இருப்பதுபோல. "உன் செடிக்கு ஒண்ணும் ஆகல."

வேலுத்தாய் அவன் கையிலிருந்த டம்ளரை வாங்கி, மிச்ச டீயை அடுப்புச் சாம்பலில் ஊற்றிவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். அன்றிலிருந்து அவனிடம் சோறு, தண்ணி, கதவு என்ற மூன்று வார்த்தைகளுக்கு மேல் பேசவில்லை.

பேச வேண்டியதை ஊரிடம் பேசினாள். அன்று சாயங்காலமே அந்தத் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். எல்லா வாசலிலும் ஒரே கேள்விதான். "நாலு மணி நேரம் வாள் அறுத்திருக்கு. உங்களுக்குக் காது கேட்டுச்சா?" கேட்டது என்றார்கள். நீயே விற்றுவிட்டாய் என்று நினைத்தோம் என்றார்கள். அடுப்பில் குழம்பு இருந்தது, பிள்ளைக்குக் காய்ச்சல், இவர் வெளியே போயிருந்தார். பக்கத்து வீட்டுப் பவளக்கொடி, களத்தில் காப்பி கிண்டுகிற பன்னிரண்டு பேரில் ஒருத்தி, பொய் சொல்லவில்லை.

"பாத்துக்கிட்டுத்தான் நின்னேன் மதினி. சங்கிலி போட்டவரு சர்க்காரு, வாள் போட்டவரு முதலாளி, கையெழுத்துப் போட்டவரு உங்க வீட்டுக்காரரு. இதுல நான் யாரு?"

"ஒரு சத்தம் போட்டிருக்கலாம்ல. பள்ளிக்கூடம் வரைக்கும் கேட்டிருக்கும்."

"போட்டா நாளைக்குக் களத்துல நிக்க விடுவாங்களா?"

வேலுத்தாய் திரும்பி வந்தாள். பவளக்கொடி சொன்னது நியாயமாக இருந்தது. நியாயமாக இருந்ததால்தான் இன்னும் கூடுதலாக எரிந்தது.

குடைப்பாம்பு யாரும் தோட்டத்தில் வைக்கிற செடி இல்லை. மேலே சோலைக்காட்டில், ஓடைக்கரையில், வெயிலே விழாத இடத்தில் அது தானாக முளைக்கும். ஒற்றைத் தண்டு, அதன் உச்சியில் விரித்த குடை மாதிரி வட்டமாக இலைகள், குடைக்குக் கீழே படமெடுத்த பாம்பு போலப் பச்சையும் கருஞ்சிவப்பும் கோடு போட்ட ஒரு பூ. கோடை மழைக்கு முளைத்து, கார்த்திகைக்குள் வாடி விழுந்து, மிச்ச மாதமெல்லாம் கிழங்காக மண்ணுக்குள் தூங்கும். கை பட்டால் கருணைக்கிழங்கு மாதிரி அரிக்கும். விறகுக்குப் போனபோது வேரோடு பெயர்ந்து ஓடையில் கிடந்த ஒன்றை, கல்யாணமான புதிதில், வேலுத்தாய் மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். அரிப்பு பொறுக்காமல் வயிற்றில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு மூன்று நாள் படுத்திருந்தாள். பலாமரத்தடியில் ஒரு புல்கூட முளைக்காது என்றார்கள். அங்கேதான் வைத்தாள். ஐந்து வருஷம் அது ஆண்பூவாகவே பூத்தது, காய் இல்லை. ஆறாவது வருஷம் கிழங்கு பெருத்தபின் பெண்பூவாக மாறிப் பூத்து, சோளக்கதிர் மாதிரி சிவப்புப் பழம் பிடித்தது. ஒரே செடி, ஆணாக இருந்து பெண்ணானது. வேலுத்தாய் இதை யாரிடமும் சொல்லவில்லை. ஊரில் எல்லோருக்கும் எல்லாமும் சொல்ல வேண்டுமா என்ன. இருபத்திரண்டு வருஷத்தில் ஒன்று எட்டானது. அந்த எட்டும் பலா நிழல் இல்லாமல் ஒரு வெயிலைத் தாங்காது.

மரம் போன நான்காம் நாளிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் குழந்தைகள் வந்து வெட்டிப்போன கிளைகளின் நிழல்கோட்டின் மேல் ஒற்றைக்காலில் நடந்து விளையாடினார்கள். பிறகு அவர்களைத் தேடி அம்மாக்கள் வந்தார்கள், அம்மாக்களைத் தேடி வந்தவர்கள் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்கள், சவரக்காரர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வெளிச்சமும் குளிர்ச்சியும் சேர்ந்து இப்படி ஓர் இடம் கிடைக்காது என்றார், பெரியகுளத்திலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் வேனில் வந்து பொண்ணு மாப்பிள்ளையை நிழலில் நிறுத்திப் போட்டோ எடுத்தது, கோயில் பூசாரி மஞ்சள் துணி கட்ட வந்து கட்டுவதற்குக் கிளை இல்லாமல் அடிக்கட்டையில் சுற்றிவிட்டுப் போனார். கிராம நிர்வாக அலுவலர் பதிவேட்டோடு வந்து அரைநாள் உட்கார்ந்திருந்தார். மரத்தை அவர் ஏற்கெனவே கணக்கிலிருந்து அடித்துவிட்டார், நிழலை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் 'பழைய நிலையே தொடர்கிறது' என்று எழுதி முத்திரை வைத்தார். இரண்டு வாரத்தில் ஊர் பழகிவிட்டது. ஊருக்கு வந்தவர்களிடம், பஸ் எத்தனை மணிக்கு வரும் என்பதைச் சொல்கிற அதே குரலில், மரமில்லாத நிழல் அந்த வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது என்று வழி சொன்னார்கள்.

வேலுத்தாய்க்கு மட்டும் பழகவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் தோட்டம் முழுக்கச் செருப்பு. செடிகளைச் சுற்றி அவள் நட்ட குச்சிகளை எடுத்து யாரோ சீட்டாட்டத்துக்கு எண்ணிக்கைக் குச்சியாக வைத்திருந்தார்கள். இரண்டு செடி மிதிபட்டு ஒடிந்து கிடந்தது.

"மரத்த வெட்டும்போது வராத காலு இப்ப எதுக்கு வந்துச்சு?" என்று கேட்டாள்.

"என்னத்தா இப்படிச் சொல்ற," என்றார் சீட்டைக் கையில் விசிறியாகப் பிடித்திருந்த ஒருவர். "ஊருக்குக் கெடச்ச அதிசயம்."

"ஊருக்குக் கெடைக்கல. எங்கிட்ட இருந்து புடுங்குனது போக மிச்சம். எந்திரிங்க."

எழுந்தார்கள். மறுநாளும் வந்தார்கள்.

நிழல் எங்கே கட்டுண்டு கிடக்கிறது என்பதை அவள் கண்டுபிடித்தது அப்போதுதான். மிதிபடாமல் காப்பாற்ற, ஓடையிலிருந்து கொண்டுவந்த அந்த முதல் செடியை, பெண்ணாக மாறிய அதே செடியை, மண்ணோடு பெயர்த்து மூன்று எட்டு தள்ளிச் சுவரோரம் வைத்தாள். நிழலும் மூன்று எட்டு நகர்ந்தது. சவரக்காரரின் நாற்காலி பாதி வெயிலில் நின்றது. வேலுத்தாய் செடியைப் பார்த்தாள், நிழலைப் பார்த்தாள், மண்ணைத் தட்டி இறுக்கிவிட்டுத் தண்ணீர் ஊற்றினாள். வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பவளக்கொடியும் பார்த்தாள். பவளக்கொடி களத்தில் ஒருத்தியிடம் சொன்னாள், அவள் இன்னொருத்தியிடம் சொன்னாள், சுற்றிச் சுற்றித் தை மாதம் அது தனுஷ்கோடியின் காதுக்குப் போனது.

ஆனால் அதற்குமுன் வேறொன்று நடந்தது. பஸ் நிற்கிற முக்கிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் ரோட்டின் இரண்டு பக்கமும் நாவலும் சந்தனவேம்பும் பலாவுமாக நாற்பத்தொரு மரம் நின்றது. பஞ்சாயத்துக்குச் சொந்தம். அதை ஏலம் விட வேண்டும் என்று ஐப்பசிக் கூட்டத்தில் தீர்மானம் வந்தபோது, எப்போதும் இந்த மாதிரிப் பேச்சுக்கு முணுமுணுக்கிற ஊர், இந்தத் தடவை முணுமுணுக்கவில்லை. தனுஷ்கோடி எழுந்து நின்றார். வெள்ளை வேட்டி, மெல்லிய குரல், யாரையும் அடா போட்டுப் பேசாதவர்.

"மரம் போனா நிழல் போயிருமேங்கிற பயம் மத்த ஊருக்கு. நம்ம ஊர் மண்ணுல நிழல் போகாதுன்னு கண்ணால பாத்துட்டோம். மரத்த வித்துப் பள்ளிக்கூடத்துக்குச் சுவர் எடுப்போம். நிழல் நமக்கே இருக்கும்."

ஆட்கள் தலையாட்டினார்கள். வேலுத்தாய் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தாள்.

"அது மண்ணால நிக்கல."

"பெறகு எதுனால நிக்குது?" என்று பஞ்சாயத்துத் தலைவர் கேட்டார்.

செடியைச் சொன்னால் செடி போய்விடும். வேலுத்தாய் நின்றாள். கூட்டம் அவள் வாயையே பார்த்தது. "மரத்த வெட்டாதீங்க," என்றாள். "என் பேச்சக் கேளுங்க. வெட்டாதீங்க."

"உனக்கு மட்டும் நிழல் இருக்கணும், ஊருக்கு இருக்கக்கூடாதாக்கும்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் சன்னாசியின் சிரிப்பும் இருந்ததா என்று அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். சிரிக்கவில்லை, வாயைத் திறக்கவும் இல்லை.

ஒன்பது நாள் வாள் அறுத்தது. ஏலம் எடுத்தது தனுஷ்கோடி. ஒவ்வொரு மரம் விழும்போதும் ஆட்கள் ஓடிப்போய்த் தரையைப் பார்த்தார்கள். நிழல் மரத்தோடு சாய்ந்தது, மரத்தோடு லாரியில் ஏறியது, மரத்தோடு மலை இறங்கிப் போனது. நாற்பத்தொன்றில் ஒன்றுகூடத் தங்கவில்லை. முதல் மரத்திலேயே தெரிந்துவிட்டதே, ஏன் நிறுத்தவில்லை என்று வேலுத்தாய் பின்னால் கேட்டாள். அடுத்ததற்காவது தங்கும் என்று பார்த்தோம் என்றார்கள். தைப்பொங்கலுக்குள் ரோட்டோரச் சுனை வற்றியது. ஊர் முழுக்கக் குடித்த தண்ணீர் அது. பெண்கள் குடத்தோடு பள்ளத்துக்கு இறங்கினார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வரும்போதே முகம் சிவந்து, சோற்றுத் தட்டை வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்கள். பானையில் தண்ணீர் அளந்துதான் இருந்தது. அளந்து ஊற்றுகிற வேலையும் வேலுத்தாய்க்கே வந்தது. ஊற்றும்போதெல்லாம் சொம்பைப் பானை விளிம்பில் நங்கென்று வைத்தாள். அந்தக் கோபம் யார்மேல் என்று தெரியாமல், டீச்சர் பிள்ளைகளை வரிசையில் நிற்கச் சொன்னார்.

ஊரும் கோபமாகத்தான் இருந்தது, ஆனால் அவள்மேல். உனக்குத் தெரிந்திருக்கிறது, நீ முழுசாகச் சொல்லவில்லை என்றார்கள். ஏதோ வைத்திருக்கிறாள், மருந்தோ மந்திரமோ என்றார்கள். சொல்லிக்கொண்டே அவள் வீட்டு நிழலில் வந்து உட்கார்ந்தார்கள்.

அந்தத் தை மாதத்தில், களத்தில் காப்பிப் பழம் நிரம்பிக் கிடந்த நாளில், சன்னாசி ஆறு மாதத்துக்குப் பிறகு அவள் எதிரில் வந்து உட்கார்ந்து ஒரு முழு வாக்கியம் பேசினான்.

"முதலாளி அந்தக் கெழங்கக் கேக்குறாரு."

வேலுத்தாய் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"காப்பிக்கு நிழல் வேணும்ல. எஸ்டேட்டுக்குள்ள ஆயிரத்துக்கு மேல மரம் நிக்குது, எல்லாம் காப்பிச் செடிக்கு நிழலுக்காக. கெழங்க அங்க ஒரு எடத்துல வச்சுப் பாக்கலாம்ங்கிறாரு. நிழல் நின்னுச்சுன்னா..."

"மரத்த வித்துரலாம்."

சன்னாசி துண்டை உதறித் தோளில் போட்டான்.

"ஒரு கெழங்குக்கு ஒரு மரத்து நிழல்தான். ஆயிரத்துக்கு என்ன பண்ணுவாரு?"

"எட்டு இருக்குல்ல. பெருக்கிக்கலாம்னு சொல்றாரு."

வேலுத்தாய் கழுநீரை வடித்தாள். அரிசியை அடுப்பில் போட்டாள். மூடியை வைத்தாள். அவளுக்குள் ஆடியிலிருந்து கொதித்துக்கொண்டிருந்த எதுவோ அப்போது கொதிப்பதை நிறுத்தியது. ஆறவில்லை. கெட்டியாகி ஓர் இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

"நாளைக்குக் காலைல களத்துல இருக்கச் சொல்லுங்க," என்றாள். "நானே கொண்டாந்து வைக்கிறேன்."

சன்னாசி அவளை நம்பினான். ஆறு மாதமாக மூன்று வார்த்தை மட்டும் பேசிய பெண்டாட்டி இத்தனை பேசியதே அவனுக்குப் போதுமாக இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் கிடையாது. பத்து மணிக்கு வேலுத்தாய் சுவரோரத்து மண்ணைக் கிளறினாள். செடி வாடி விழுந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது, கிழங்கு மட்டும் தேங்காய்ப் பருமனில் தூங்கிக்கொண்டிருந்தது. பழைய பெயின்ட் வாளியில் மண்ணோடு அதை வைத்து இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். நிழலில் உட்கார்ந்திருந்தவர்கள்மேல் வெயில் விழுந்தது. சவரக்காரர் பாதி மழித்த முகத்தோடு ஒருவரை விட்டுவிட்டு எழுந்தார். வேலுத்தாய் ரோட்டில் நடந்தாள். நாற்பத்தொரு அடிக்கட்டைக்கு நடுவே, தார் இளகிக் கிடந்த ரோட்டில், அவளோடு ஒரு முழுப் பலாமரத்தின் நிழல் இலை அசைந்து நடந்து போனது. பள்ளத்திலிருந்து தண்ணீர்க் குடத்தோடு ஏறி வந்த பெண்கள் அது தங்கள்மேல் ஏறிக் கடந்து போகும் வரைக்கும் அசையாமல் நின்றார்கள். யாரும் எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை.

களம் மலைச்சரிவை வெட்டிச் சமமாக்கி சிமென்ட் பூசிய இடம். எஸ்டேட்டிலேயே அவ்வளவு சமதளம் வேறு கிடையாது. அதன் நடுவில் முன்பு தார்ப்பாய்க் கம்பம் நின்ற சதுரக் குழி ஒன்று மண் நிரம்பிக் கிடந்தது. சுற்றிலும் காப்பிப் பழம் கணுக்கால் உயரத்துக்கு விரித்திருந்தது. பன்னிரண்டு பெண்கள் அதற்குள் காலை இழுத்து இழுத்து நடந்து கிண்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிமென்ட் சூட்டில் அவர்கள் குதிகால் வெடித்திருப்பதை வேலுத்தாய் முதல்முறையாகப் பார்த்தாள். தனுஷ்கோடி ஓரத்தில் குடையோடு நின்றார்.

"வா தாயி. ஜீப் நிக்குது, மேல தோட்டத்துக்குப் போயிரலாம்."

வேலுத்தாய் காப்பிப் பழத்தை மிதித்துக்கொண்டு நேராக நடுக்குழிக்குப் போனாள். வாளியை வைத்தாள். கையாலேயே மண்ணைத் தோண்டினாள், முழங்கை வரைக்கும். கிழங்கை உள்ளே விட்டாள், மூடினாள், எழுந்து மிதித்து இறுக்கினாள். நிழல் களத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் விரிந்து படுத்துக்கொண்டது.

"என்ன பண்ற?" என்றார் தனுஷ்கோடி. அவர் குரல் அப்போதும் மெல்லிசாகத்தான் இருந்தது. "எங்க வைக்கிற?"

"நிழல் கேட்டீங்களே."

"இங்க இல்ல. இது காயப்போடுற எடம்."

"அது எனக்குத் தெரியும்," என்றாள் வேலுத்தாய். "வேணும்னா வெட்டிக்கங்க."

அப்புறம் நடந்ததை அவளுக்கு வந்து சொன்னது பவளக்கொடி. அன்று மதியமே தனுஷ்கோடி குழியைத் தோண்டச் சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு பேரும் கடப்பாரை, மண்வெட்டியோடு சுற்றி நின்றார்கள். நிழல் அவர்கள்மேல் விழுந்திருந்தது. பதினெட்டு வருஷம் அந்தக் களத்தில் வெயிலைத் தின்ற பவளக்கொடி, முதல்முறையாக அங்கே நெற்றி வியர்க்காமல் நின்றாள். அவள் கடப்பாரை முனையில் ஏதோ மெத்தென்று பட்டது. அவள் நிமிர்ந்து மேஸ்திரியைப் பார்த்தாள். சன்னாசியும் பார்த்துவிட்டான். முதலாளி நான்கு எட்டு தள்ளி நின்றார்.

"உங்க வீட்டுக்காரரு கால நீட்டி மண்ண இழுத்து மூடுனாரு மதினி," என்றாள் பவளக்கொடி. "மூடிட்டு, 'இங்க ஒண்ணும் இல்லங்க முதலாளி, வேர் விட்டு எங்கயோ எறங்கிருச்சு'ன்னாரு. பன்னெண்டு பேரும் ஆமான்னோம். முதலாளியே எறங்கிக் கையால கெளறுனாரு. மண்ணெல்லாம் அந்தக் கெழங்குப் பாலு. கெழங்கு தட்டுப்படுறதுக்குள்ள முழங்கை வரைக்கும் தடிச்சிருச்சு, கைய உதறிட்டுப் போயிட்டாரு."

வேலுத்தாய் கேட்டுக்கொண்டாள். அன்று சன்னாசி வந்து தட்டு முன் உட்கார்ந்தபோது, அவன் கேட்காமலே, "இன்னும் ரெண்டு கரண்டி போடட்டா?" என்றாள். அவன் தலையாட்டினான். அவ்வளவுதான். அவன் கண் கலங்கியதை அவள் பார்த்தாள். அவளுக்கு அதனால் மனம் இளகவில்லை. ஆடி மாதம் நீட்டியிருக்க வேண்டிய கால் அது என்று தோன்றியது.

காப்பி நான்காம் நாள் பூஞ்சணம் பிடித்தது. எட்டாம் நாள் அதன் நாற்றம் பள்ளிக்கூடம் வரைக்கும் வந்தது. தனுஷ்கோடி ரோட்டில் தார்ப்பாய் விரித்துக் காயப்போட்டுப் பார்த்தார். காலை பஸ் அதன்மேல் ஏறிப் போனது, டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜேசிபி வைத்துத் தோண்டினால் களமே போய்விடும் என்றார்கள். கீழேயிருந்து வந்த போலீஸ்காரர், அந்த அம்மா என்னதான் செய்தார் என்று கேட்டார். கிழங்கு நட்டாள் என்றதும், நோட்டை மூடிவிட்டு நிழலில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுப் போனார். களத்துப் பெண்கள் வேலையில்லாமல் அங்கேயே சாப்பிட்டார்கள், அங்கேயே சேலை விரித்துப் பிள்ளைகளைத் தூங்கவைத்தார்கள். முதலாளி எழுந்திருக்கச் சொன்னால் எழுந்து நின்று, அவர் போனதும் உட்கார்ந்தார்கள்.

மாசி பிறந்த பிறகு தனுஷ்கோடி வேலுத்தாயின் தோட்டத்துக்கு வந்தார். அங்கே இப்போது நிழல் இல்லை. மிச்சக் கிழங்குகளின் மேல் அவள் சருகும் ஈரச் சாக்கும் போட்டு மூடிக்கொண்டிருந்தாள். வெயில் நேர்மேலே நின்றது. அவரை உட்காரச் சொல்லவில்லை, உட்காரச் சொல்ல அங்கே இடமும் இல்லை.

"உனக்கு என்ன வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேணாம்."

"அந்தக் கதவக் கழட்டித் தரச் சொல்றியா?"

"கதவ வச்சு நான் என்ன பண்ண? ரோட்டுல நாப்பத்தோரு மரம் நின்னுச்சு."

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். முழங்கையில் தடிப்பு இன்னும் ஆறவில்லை. "கன்னு வாங்கி நட்டுத் தர்றேன். நட்டா எடுத்துருவியா?"

"நட்டா இல்ல. அதுக நிழல் ரோட்டுல விழுந்தா."

"அதுக்கு இருபது வருஷம் ஆகும்."

"ஆகும்."

"அதுவரைக்கும் என் களம்?"

வேலுத்தாய் சாக்கின் ஓரத்தில் கல்லை வைத்தாள். "அதுவரைக்கும் என் செடிக்கும் நிழல் வேணும்ல," என்றாள்.

அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். பிறகு போனார். வைகாசி மழைக்கு அவருடைய ஜீப்பில் நாற்பத்தொரு கன்று வந்து இறங்கியது. அதே மழைக்குக் களத்து நடுவில் குடைப்பாம்பு ஓர் ஆள் இடுப்பளவுக்கு முளைத்து எழுந்தது, அவ்வளவு உயரத்துக்குச் சோலைக்காட்டிலேயே யாரும் பார்த்ததில்லை. பெண்கள் அதைச் சுற்றிக் கல் அடுக்கி, வேலுத்தாய் கொண்டுவந்த மிச்ச ஏழு கிழங்கையும் அந்தக் கல்லுக்குள் மண் போட்டு வைத்தார்கள். காப்பி அந்த வருஷத்திலிருந்து காயப்போட இடமில்லாமல் பழமாகவே மலை இறங்கியது. கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற எஸ்டேட் ஆட்களை அனுப்பினார் முதலாளி. அவர்கள் இரண்டு கன்றுக்கு ஊற்றிவிட்டுப் பத்துக்கு ஊற்றியதாகச் சொன்னார்கள். பிறகு அவரே ஜீப்பில் டிரம்மோடு வரத் தொடங்கினார். வேலுத்தாய் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் எண்ணினாள். குறைந்தால் அவர் வாசலில் போய் நின்றாள், எத்தனையாவது கன்று, எந்தப் பக்கம் என்று சொன்னாள், திரும்பி நடந்தாள்.

மூன்றாம் வருஷம் பங்குனியில் காட்டுமாடு ஒன்று முப்பத்தேழாவது கன்றை ஒடித்துத் தின்றுவிட்டது. வேலுத்தாய் போய்ச் சொன்னபோது மதியம் இரண்டு மணி, ஜீப் மலைக்குக் கீழே போயிருந்தது. தனுஷ்கோடி நாற்றங்காலிலிருந்து ஒரு நாவல் கன்றை எடுத்துத் தோளில் சாத்தி, இன்னொரு கையில் கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். குடை பிடிக்கக் கை இல்லை. அவள் முன்னால் போனாள், அவர் பின்னால் வந்தார். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் டம்ளரை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். பவளக்கொடி வாசலில் நின்று, "இன்னுமா மதினி?" என்று மெதுவாகக் கேட்டாள். வேலுத்தாய் கன்றுகளை எண்ணிக்கொண்டே அவளைக் கடந்து போனாள்.

இருபதாவது கன்றுக்குப் பக்கத்தில் வரும்போது அவருக்கு மூச்சு வாங்கியது.

"கொஞ்சம் மெதுவாப் போ தாயி," என்றார். "வெயில் தாங்கல."

வேலுத்தாய் நடையைக் குறைக்கவில்லை.